ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கார்ப் (மாவுச்சத்து)? பாலக்கோட்டிலிருந்து கேட்கிறேன்

பாலக்கோடு மண்டி · டிசம்பர் 9, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். வயது 44. தக்காளி மண்டியில் வேலை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பகல் பதினொன்றுக்குத்தான் வீடு. சர்க்கரை வந்து மூன்று வருடம் ஆகிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும். எடை 86 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு. போன மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1.

மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு சார்ட் அனுப்பினார். காலையில் 100 பாதாம், மதியம் காய்கறியும் முட்டையும், இரவு கறி. ஒரு நாளைக்கு 20 கிராம் கார்புக்கு மேல் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு திங்கள்கிழமை அப்படியே ஆரம்பித்துவிட்டேன். மூன்று நாள் நன்றாகத்தான் போனது. நாலாம் நாள் விடிகாலை ஐந்தரை இருக்கும், மண்டியில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், மறுபடியும் பன்னிரண்டுக்கு மேல் போகவில்லை. அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை நடுங்குவதைப் பார்த்துப் பக்கத்துக் கடை அண்ணன் பிடித்து உட்காரவைத்து, சர்க்கரை அள்ளிப் போட்ட டீயைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மெஷினில் பார்த்தபோதே 74தான் இருந்தது.

அன்றோடு நிறுத்திவிட்டேன். ஆனால் அடியோடு விட மனமில்லை. என் அப்பா இதே சர்க்கரைக்குக் கால் விரல் இரண்டைக் கொடுத்தவர். 20, 50, 100, 130 என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். எனக்கு எது சரி? எங்கிருந்து தொடங்குவது?


ஓசூர் ஷிஃப்ட் · டிசம்பர் 9, இரவு 10.15

அண்ணா, பயப்படாதீர்கள். எனக்கும் முதல் வாரம் தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு, எரிச்சல் எல்லாம் வந்தது. மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்தால் வருவது, கீட்டோ ஃப்ளூ என்பார்கள். உப்பு போட்ட எலும்பு சூப் குடித்தேன், சரியாகிவிட்டது. 30 கிராமில் ஐந்து மாதம் இருந்து 94 கிலோவிலிருந்து 81க்கு வந்தேன். இன்னும் நாலு நாள் தாண்டியிருந்தால் உங்களுக்கும் பழகியிருக்கும்.


தட்டும் தராசும் · டிசம்பர் 9, இரவு 11.05

ஓசூர் தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் தடுத்தே ஆக வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். உங்களுக்குச் சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் இல்லை. அண்ணனுக்கு வந்தது உப்புக் குறைவு மாதிரி தெரியவில்லை, லோ சுகர். குளிரில் வேர்ப்பது, கை நடுங்குவது, எண்ணிக்கை தடுமாறுவது, இனிப்பு டீ உள்ளே போனதும் தெளிவது, எல்லாம் அதன் அடையாளங்கள்.

கிளிமிபிரைடு கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. சோறும் களியுமாகச் சாப்பிட்ட ஆளுக்கு எழுதிய அளவு அது. தட்டை மட்டும் திடீரென்று காலி செய்துவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால் சர்க்கரை எங்கே போய் நிற்கும்? இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘ஃப்ளோசின்’ல் முடியும் மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், மெஷினில் எண் பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிப் போகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் வீட்டில் காத்திருக்கக்கூடாது.

ஆகவே முதல் வேலை, உங்களுக்கு மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய் “மாவுச்சத்தைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை எப்படி மாற்றுவது” என்று கேட்பதுதான். நீங்களாகப் பாதி மாத்திரை போடாதீர்கள். பிரஷர் மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், எடை இறங்கும்போது அதையும் குறைக்க வேண்டி வரலாம்.

மண்டிக்குப் போகும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் பாதாமும் பட்டர் டீயும் உதவாது, கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும்.

எண்ணைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் ஒன்று செய்யுங்கள். மூன்று நாள், வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே சாப்பிட்டு, ஒன்று விடாமல் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம்.


ஓசூர் ஷிஃப்ட் · டிசம்பர் 10, காலை 6.20

மன்னிக்க வேண்டும் அண்ணா. மாத்திரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் பதிவை அழிக்கவில்லை, கீழே அக்கா சொன்னதோடு சேர்த்துப் படித்தால் அடுத்தவர்களுக்கு உதவும்.


தட்டும் தராசும் · டிசம்பர் 10, இரவு 9.30

சரி, எண்கள்.

ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் வரை என்றால் அது மிகக் குறைந்த மாவுச்சத்து, கீட்டோ என்பது இதுதான். 130 கிராமுக்குள் இருந்தாலே லோ கார்ப் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 130க்கு மேல் 225 வரை மிதமான அளவு. இது 2,000 கலோரி சாப்பிடுகிற ஆளுக்குப் போட்ட கணக்கு.

நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்கச் சர்க்கரை நோய் பற்றி நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் 2025 கட்டுரைப்படி, இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. அதே ஆய்வுக் குழு 2022இல் வெளியிட்ட கணக்கில், புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்கு இறக்கிப் புரதத்தைக் கூட்டச் சொன்னார்கள். 2,000 கலோரிக்கு அது 250 கிராம் பக்கம் வரும். 20க்கும் 250க்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது பாருங்கள். அத்தனையையும் தாண்டி ஒரே நாளில் அடியில் குதிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், டைப் 1 சர்க்கரை உள்ளவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டுத் தாங்களாக எதுவும் ஆரம்பிக்க வேண்டாம்.


அரூர் பெரியம்மா · டிசம்பர் 11, மதியம் 2.40

பாலக்கோட்டுத் தம்பி, எனக்கு 61 வயது. ஆறு வருடமாகக் குறைத்துச் சாப்பிடுகிறேன். முதல் ஒரு வருடம் நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் களி, சாமைச் சோறு, கம்பங்கூழ் என்று மாறினேன். “சிறுதானியம்தானே, நல்லதுதானே” என்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். சர்க்கரை அசையவே இல்லை.

அப்புறம் மகள் உணவுச் சத்துப் பட்டியலை எடுத்துக் காட்டினாள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் போட்டது. 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கேழ்வரகில் 67. சாமையில் 66. அவ்வளவுதான் வித்தியாசம். கேழ்வரகில் நார் 11 கிராம் இருக்கிறது, கால்சியம் 364 மில்லிகிராம் இருக்கிறது, அரிசி அதன் கிட்டே வர முடியாது. நான் கேழ்வரகைக் குறை சொல்லவில்லை, அதைத் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் அரிசி உருண்டையை எடுத்துவிட்டு அதே அளவு களி உருண்டையை வைத்தால் சர்க்கரை எப்படிக் குறையும்?


தட்டும் தராசும் · டிசம்பர் 11, மாலை 5.00

பெரியம்மா சொன்னதைத்தான் அந்த 2025 கட்டுரையும் சொல்கிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை வரும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.


பென்னாகரம் மருமகள் · டிசம்பர் 11, இரவு 9.10

அண்ணா, களியை அளப்பது பற்றி ஒன்று. எங்கள் வீட்டில் மாமனாருக்குச் சர்க்கரை. “ஒரு உருண்டைதான் சாப்பிடுகிறேன்” என்பார். ஒருநாள் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். அவர் உருண்டையும் என் உருண்டையும் ஒன்றா? என்னுடையது 210 கிராம், அவருடையது 430. அதுவும் வெந்த களி, பாதிக்கு மேல் தண்ணீர். அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

அதனால் இப்போது மாவைத்தான் அளக்கிறேன். அவருக்கு 50 கிராம் மாவு, தனியாகச் சின்னப் பானையில். எங்கள் பக்கம் அரிசி நொய்யை வேகவிட்டுத்தான் மாவைக் கொட்டிக் கிண்டுவோம். அந்த நொய்யை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் பானையில் நொய் போடுவதில்லை, துடுப்பால் கூடுதலாகக் கிண்டினால் கட்டி விழாமல் வந்துவிடுகிறது. உருண்டை சின்னதாகத் தெரிகிறது என்று முதல் வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டார். கீரை மசியலை இரண்டு கரண்டி கூட வைத்து, ஒரு முட்டையும் வைத்தேன். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் இல்லாதவர்களுக்கு: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்காவிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள், நம் ஊர்த் திட்டம் மாதிரிதான். எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரையும் கொடுக்கிறார்.


பாலக்கோடு மண்டி · டிசம்பர் 14, இரவு 9.45

டாக்டரைப் பார்த்துவிட்டேன். முதலில் திட்டினார், அப்புறம் பொறுமையாகக் கேட்டார். இரவு மாத்திரையில் கிளிமிபிரைடை நிறுத்தி வெறும் மெட்ஃபார்மின் ஆக்கியிருக்கிறார். காலையில் அளவைக் குறைத்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து எழுதி வைத்த எண்களோடு வரச் சொன்னார்.

மூன்று நாள் எழுதினேன். தராசும் வாங்கிவிட்டேன். மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது, ஒரு நாளைப் போடுகிறேன். டீ மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பாலும் சேர்த்து 45 கிராம். காலையில் இட்லி நாலு, சாம்பாரோடு 50. மதியம் சோறு. இதில்தான் அதிர்ந்துபோனேன், வெந்த சோறு 420 கிராம் இருந்தது. 100 கிராம் சோற்றுக்கு 28 என்று போட்டால் 118. குழம்பு, பொரியலோடு 130. சாயங்காலம் போண்டா இரண்டு, 20. இரவுக் களி, மாவு 110 கிராம், நொய் 30 கிராம், இரண்டும் சேர்ந்து 97.

கூட்டினால் 342. கணக்கு சரிதானா அக்கா? இந்த ஆள்தான் ஒரே நாளில் 20க்குப் போயிருக்கிறேன்.


தட்டும் தராசும் · டிசம்பர் 15, காலை 7.00

கணக்கு சரி. பத்து இருபது முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. இட்லி ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு, மிகத் துல்லியம் இதில் யாருக்கும் கிடைக்காது.

342ஐப் பாதியாக்குவதை முதல் படியாக வைப்போம். டீயில் சர்க்கரை வேண்டாம், அதிலேயே 30 போய்விடும். இட்லி இரண்டு, கூட இரண்டு முட்டை. சோறு 200 கிராம், பொரியல் இரண்டு மடங்கு. போண்டாவுக்குப் பதில் 50 கிராம் வறுத்த நிலக்கடலை, 9 கிராம்தான் வரும். இரவு 50 கிராம் மாவில் களி, கொஞ்சம் கொள்ளுக் கடைசல். மொத்தம் 165 பக்கம் வந்துவிடும். இரண்டு வாரம் இதிலேயே இருங்கள்.

இனி உங்கள் எண்ணை மெஷின் சொல்லும். தினமும் ஏழு தடவை குத்திக்கொள்ள வேண்டாம், ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. இரண்டுக்கும் இடையில் 50க்கு மேல் ஏறினால் அந்தத் தட்டு உங்களுக்கு அதிகம் என்று நான் எடுத்துக்கொள்வேன். இன்று இட்லி, நாளை சோறு, நாளை மறுநாள் களி. ஒரு வாரத்தில் எந்த வேளை உங்களைக் கவிழ்க்கிறது என்று தெரிந்துவிடும். காயையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள், அதே தட்டுக்கு ஏற்றம் குறையும்.

முதல் வாரம் ஒன்றரை இரண்டு கிலோ சட்டென்று இறங்கினால் அதை நம்பி எண்ணை மாற்றாதீர்கள். உடம்பில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் வீதம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். உப்பும் சிறுநீரில் போகும், தம்பிக்குக் கால் இழுத்தது அதனால்தான். பிரஷர் இல்லையென்றால் மோரில் உப்பு போட்டுக் குடிக்கலாம்.


ஓசூர் ஷிஃப்ட் · டிசம்பர் 15, மாலை 4.10

அக்கா, நிலக்கடலை பேலியோவில் (ஆதிமனிதர் மாதிரிச் சாப்பிடும் முறை) கிடையாதே? பருப்பு வகை என்று சொல்லி ஒதுக்கச் சொல்வார்கள்.


தட்டும் தராசும் · டிசம்பர் 15, இரவு 8.00

பேலியோ ஒரு கொள்கை, அதை முழுதாகப் பின்பற்றுகிறவர்கள் ஒதுக்கட்டும். இங்கே நாம் பார்ப்பது சர்க்கரையை. நிலக்கடலையில் மாவுச்சத்து குறைவு, புரதமும் நாரும் அதிகம். நம் மானாவாரி நிலத்தில் விளைவது. மாதம் மூன்று கிலோ பாதாம் வாங்க முடியாமல் இந்த முறையையே கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.


அரூர் பெரியம்மா · டிசம்பர் 16, காலை 11.20

கொள்ளு, அவரை எல்லாம் தாராளமாகத் தின்னலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 100 கிராம் கொள்ளில் 57 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 22 கிராம் இருப்பதால் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இந்த மாதம் பிதுக்கம் பருப்புக் குழம்பு வைக்காத வீடு இல்லை. அது வைக்கிற நாளில் நான் சோற்றை இரண்டு கரண்டி குறைத்துக்கொள்வேன்.

என் எண் 80. அதைப் பார்த்து நீயும் 80 என்று போடாதே தம்பி. நான் 52 கிலோ, வீட்டோடு இருப்பவள். நீ விடியற்காலையில் பெட்டி தூக்குகிற ஆள்.


பாலக்கோடு மண்டி · ஜனவரி 4, இரவு 8.30

இருபது நாள் முடிந்தது. வெறும் வயிற்றில் முன்பு 150க்குக் கீழே வந்ததில்லை, இப்போது 121, 126, 118. எடை 83. மண்டியில் ஒரு நாள்கூட நடுக்கம் இல்லை. டாக்டர் எண்களைப் பார்த்துவிட்டுக் காலை கிளிமிபிரைடையும் நிறுத்திவிட்டார்.

நோட்டில் எழுதியதில் எனக்கே ஆச்சரியமாக இருந்த ஒன்று. 50 கிராம் மாவுக் களி, கீரையோடு: 124லிருந்து 158. பரவாயில்லை. சோறு 200 கிராம், பொரியலோடு: 119லிருந்து 176. ஆனால் இரண்டே இரண்டு இட்லி, முட்டையோடு சாப்பிட்டும் 122லிருந்து 187. மூன்று தடவை பார்த்துவிட்டேன், இட்லிதான் என்னைத் தூக்குகிறது. கிராம் கணக்கில் சோற்றைவிட அது குறைவுதானே அக்கா?


தட்டும் தராசும் · ஜனவரி 5, காலை 6.50

குறைவுதான். ஆனால் அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்த மாவு வேகமாக ரத்தத்தில் கலக்கும். காலை வேளையில் உடம்பே கொஞ்சம் சர்க்கரையை ஏற்றி வைத்திருக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாத நேரம் அது. பலருக்குக் காலைதான் மோசமான வேளை. இட்லி வேண்டுமென்றால் மதியம் சோற்றுக்குப் பதிலாக வைத்துப் பாருங்கள். காலையில் முட்டை, கீரை, ஒரு கைப்பிடி கடலை. சோற்றை 150 ஆக்குங்கள். 125 பக்கம் வருவீர்கள். அந்த இடத்தில் ஒரு மாதம் நில்லுங்கள், அதற்குக் கீழே போகத் தேவை இருக்கிறதா என்று அப்போது பார்க்கலாம்.


பாலக்கோடு மண்டி · ஏப்ரல் 2, இரவு 9.00

மூன்று மாதச் சராசரி 6.6. எடை 79. மெட்ஃபார்மின் மட்டும்தான். கொழுப்புப் பரிசோதனையும் எடுத்தேன், ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருக்கிறது, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு பழைய அளவிலேயே இருக்கிறது.

நடுவில் 90க்குப் போய்ப் பார்த்தேன். வீட்டில் எரிந்து விழுந்தேன், பத்து நாளில் அலுத்துப்போனது, மெஷினில் பெரிய வித்தியாசமும் இல்லை. 120க்கும் 130க்கும் நடுவில்தான் என் இடம். கல்யாண வீட்டுக்குப் போனால் அன்று 180 ஆகும், அடுத்த வேளை திரும்ப வந்துவிடுகிறேன். அப்பாவுக்கும் இப்போது தனிப் பானையில்தான் களி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மாம்பழம் வரப்போகிறது.


போச்சம்பள்ளி மாந்தோப்பு · ஏப்ரல் 3, காலை 5.40

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். தோப்பு வைத்திருக்கிறேன், எனக்கும் சர்க்கரை. மாம்பழச் சதை 100 கிராமுக்கு 15 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழு பெங்களூராவை அறுத்தால் சதையே 300 கிராமுக்குக் குறையாது, 45 கிராம் ஒரே உட்காரலில் போய்விடும். அதனால் முழுப் பழத்தைக் கையில் எடுப்பதில்லை. செந்தூராவில் ஒரு பக்கக் கதுப்பு மட்டும், 80 கிராம் வரும். மதியச் சோற்றோடு சேர்க்காமல் நாலு மணிக்குத் தனியாக, ஐந்தாறு கடலையோடு. அன்று இரவுக் களியில் 15 கிராம் மாவைக் குறைத்துக்கொள்வேன். ஜூஸ் மட்டும் வேண்டாம் தம்பி, ஒரு டம்ளருக்குள் இரண்டு பழமும் சர்க்கரையும் ஒளிந்துகொள்ளும்.

முன்னும் பின்னும் மெஷினில் பார்த்து இங்கே போடுங்கள். என்னுடையது 115லிருந்து 149.


பாலக்கோடு மண்டி · மே 11, மாலை 6.25

செந்தூரா, ஒரு கதுப்பு, தோலோடு தராசில் 95, சதை மட்டும் 82 கிராம். 112லிருந்து 151. கொட்டையை அப்பா வாங்கிக்கொண்டார்.